எங்கள் வீட்டில் நின்ற ஹெலனின் மரம்

1

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவரவர் வாசலில் கொண்டுவந்து போடும் மரங்களை எங்கள் ஊர் நகராட்சி ஜனவரியில் வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ளும். சும்மா எடுக்காது. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தால் அறுத்துத் துண்டாக்கி வைக்க வேண்டும். சரிகை, கம்பி, மணி எதுவும் கிளையில் மிச்சம் இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனேன். கடைசிக் கேள்வியில் கை நின்றுவிட்டது. "இந்த மரம் உங்கள் வீட்டு மரமா, மற்றவருடையதா?" மற்றவர் வீட்டுக் குப்பையை எடுக்க மாட்டார்களாம்.

பின்கட்டில் என் வீட்டுக்காரர் செல்வம் காய்கறிக் கத்தியால் அந்த மரத்தை அறுக்க முயன்றுகொண்டிருந்தார். எங்களிடம் ரம்பம் கிடையாது. ரம்பம் தேவைப்படும் காரியம் எதுவும் இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. நான் கணினியை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் திருத்தங்கல்காரி. செல்வத்துக்கு விருதுநகர். இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில் ஒரு மலையடி ஊருக்கு நாங்கள் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை எங்கள் வீட்டுக்குள் கிறிஸ்துமஸ் மரம் நுழைந்ததில்லை. வைராக்கியம் ஒன்றும் இல்லை. மகள் யாழினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டாள். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று நாங்கள் சொல்லிச் சொல்லியே அவள் வளர்ந்து, படித்து, லீட்ஸில் வேலைக்கும் போய்விட்டாள். அங்கே டாம் என்ற பையனைப் பிடித்துப்போய்விட்டது. எனக்கும் செல்வத்துக்கும் சொன்னாள். ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம்.

ஹெலன் அந்த டாமின் அம்மா. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் பீட்டர் போன வசந்த காலத்தில் இறந்துவிட்டார். அதன்பிறகு பெரிய வீட்டை விட்டுவிட்டுச் சின்ன ஃபிளாட் ஒன்றுக்கு மாறினார். டிசம்பர் தொடக்கத்தில் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழினி போன் செய்தாள்.

"அம்மா, ஹெலனோட மரத்தை நம்ம வீட்டுல நிறுத்தலாமா? அவங்க ஃபிளாட்ல நிஜ மரம் வைக்கக் கூடாதாம். ரூல்ஸ்."

"மரம்தானே, நிறுத்திட்டுப் போறாக" என்றேன்.

"வெறும் மரம் இல்லம்மா. அவங்க கிட்ட ஒரு பெட்டி இருக்கு. விக்டோரியா ராணி காலத்து சாமான். ஒண்ணு ஒடஞ்சாலும் அவங்க தாங்க மாட்டாங்க."

கண்ணாடிப் பாத்திரத்தைக் கூட வாங்காத வீடு எங்களுடையது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வாரமே என் அண்ணன் வந்து இறங்கப் போகிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2

அண்ணன் தனபாலன் திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கிறார். வருஷத்தில் பாதி நாள் பட்டாசு லேபிள், மீதி நாள் காலண்டர். டிசம்பர் என்றால் காலண்டர் சீசன். அந்த மாதத்தில் அண்ணனுக்குச் சவரம் செய்துகொள்வதற்கே நேரம் இருக்காது. அப்படிப்பட்டவரை அவருடைய மகன் கார்த்தி, "நான் பாத்துக்கிடுதேம்பா, அத்தை வீட்டுக்குப் போயி ஒரு மாசம் இருந்துட்டு வாங்க" என்று டிக்கெட் போட்டு, பையைக் கட்டி, மதுரையில் விமானம் ஏற்றிவிட்டான். அண்ணனுக்கு அது பெரிய மனத்தாங்கல்.

"சீசன் நேரத்துல மொதலாளிய வெளிய அனுப்புன கம்பெனி ஒலகத்துலயே எங்க கம்பெனிதான்" என்றார், வந்ததும் வராததுமாக.

விமான நிலையத்தில் அவரிடம் ஓர் அதிகாரி என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார். "கிராக்கர்ஸ். லேபிள் பிரிண்டிங்" என்றிருக்கிறார் அண்ணன். நம் ஊரில் கிராக்கர் என்றால் பட்டாசு. இங்கே கிராக்கர் என்றால் ஒன்று பாலாடைக்கட்டியோடு தின்னும் உப்பு பிஸ்கட், அல்லது கிறிஸ்துமஸ் விருந்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கும் காகித உருளை. இழுத்தால் படக்கென்று ஒரு சத்தம் வரும். உள்ளே காகிதக் கிரீடமும், துண்டுச் சீட்டில் ஒரு மொக்கை ஜோக்கும் இருக்கும். அதிகாரி கேட்டதை அண்ணன் ஒலி மாறாமல் என்னிடம் திருப்பிச் சொன்னார். எனக்குப் புரிந்தது: "அந்த ஜோக்கையெல்லாம் அச்சடிப்பது நீங்கள்தானா?" புரியாத ஆங்கிலத்துக்கெல்லாம் "எஸ் சார்" என்பது அண்ணனின் வழக்கம். "அடுத்த வருஷமாவது கொஞ்சம் நல்ல ஜோக்காகப் போடுங்கள்" என்று சொல்லி, அதிகாரி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

பெட்டியைத் திறந்து சாத்தூர் சேவையும் புது வருஷக் காலண்டர் சுருள்களையும் எடுத்து வெளியே வைத்துக்கொண்டே அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார்.

"கார்த்திக்கும் வயசாகுது. யாழினிக்கும் ஆகுது. வெளியில எங்கயும் தேட வேண்டியதில்லையே கலா. இந்தத் தடவ பேசி முடிச்சுட்டுத்தான் நான் வண்டி ஏறுவேன்."

தாய்மாமன் வீட்டில் கேட்கிறார்கள் என்றால் எங்கள் பக்கம் அது கேள்வியே கிடையாது. கேட்பதற்கு முன்பே பாதி முடிந்துவிட்ட காரியம். "கை கழுவிட்டு வாங்கண்ணே, சாப்பிடலாம்" என்றேன்.

அன்றைக்கே யாழினிக்குப் போன் போட்டு, மரத்தை வேறெங்காவது வைக்க முடியுமா என்று கேட்டேன். "ஹெலனுக்கு வேற எடம் இல்லம்மா" என்றாள். அடுத்த நிமிஷமே ஒரு திட்டமும் சொன்னாள். ஹெலன் என்னுடைய சிநேகிதி. அவருக்குக் கை முறிந்திருப்பதால் கார் ஓட்ட முடியாது. டாம் அவரைக் கூட்டிவரும் டிரைவர். அவ்வளவுதான்.

"உங்க மாமா அச்சாபீஸ்காரரு. எழுத்துல ஒரு புள்ளி விட்டுப்போனாலே கண்டுபிடிக்கிறவரு" என்றேன்.

"ஒரு மதியம்தானம்மா" என்றாள்.

3

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். டாம் காரின் கூரையில் கட்டியிருந்த மரத்தைச் செல்வமும் அவனுமாகச் சுமந்துவந்து ஹாலின் மூலையில் நிறுத்தினார்கள். ஹெலன் இடது கையில் பெட்டியை அணைத்தபடி நின்றார். மாவுக்கட்டுக்கு மேலே கலைமான் படம் போட்ட ஸ்வெட்டர்.

"மாமா, இது ஹெலன் ஆன்ட்டி. அம்மா ஃப்ரெண்டு" என்றாள் யாழினி. பிறகு டாமைக் காட்டினாள். தமிழில் டிரைவரையும் டிரைவர் என்றுதான் சொல்வோம் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். "இவரு... ஓட்டுறவரு" என்றாள்.

"வாங்கம்மா, இருங்க. கை எப்படி இருக்கு? வலி இருக்கா?" என்று அண்ணன் ஹெலனிடம் தமிழிலேயே கேட்டார். ஹெலன் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். கடைசிவரைக்கும் அவர்கள் பேச்சு அப்படித்தான் நடந்தது.

சாப்பாட்டு மேசையில் இலை போட்டதும் அண்ணன் சுற்றிப் பார்த்தார். "அந்த டிரைவர் தம்பி எங்க? வெளிய கார்லயா உக்காந்திருக்கு? இந்தக் குளுருலயா? கூப்புடு தாயி."

டாமைக் கொண்டுவந்து தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். எங்கள் பிரஸ்ஸில் லோடு ஏற்ற வரும் லாரி டிரைவருக்கு அண்ணன் சாப்பாடு போடாமல் அனுப்பியதில்லை. அதே வழக்கம் இங்கேயும். கோழிக்குழம்பை அவரே ஊற்றினார்.

எங்கள் குடும்பம் கிராக்கர் தொழில் செய்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்த ஹெலன், மரியாதைக்காக ஒரு பெட்டிக் காகித கிராக்கர் வாங்கி வந்திருந்தார். அண்ணன் ஒரு முனையும் ஹெலன் இடது கையால் ஒரு முனையும் பிடித்து இழுத்தார்கள். படக்கென்றது. அண்ணன் பாதி உருளையைப் பிரித்து, உள்ளே ஒட்டியிருந்த காகிதக் கீற்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"மருந்துதான். ஆனா இம்புட்டுக்கூண்டு மருந்த வச்சுக்கிட்டு இதுக்குக் கிராக்கருன்னு பேரு வேற" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று ஹெலன் கேட்டார்.

"தரம் நன்றாக இருக்கிறது என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

எல்லோரும் காகிதக் கிரீடத்தோடுதான் சாப்பிட்டோம். அண்ணனுக்குப் பச்சைக் கிரீடம். தயிர்ச்சோற்றில் உப்புக் குறைவாக இருந்தது. நான் எழுவதற்குள் டாம் எழுந்து அடுக்களைக்குள் போனான். எங்கள் வீட்டு உப்பு, உப்பு ஜாடியில் இருக்காது. ஈரம் படாமல் இருக்கட்டும் என்று பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருப்பேன். விருந்தாளிகள் தேடினால் கிடைக்காது. டாம் நேராகப் போய் எடுத்துவந்து, தனக்குப் போட்டுக்கொண்டு, செல்வத்தின் இலை ஓரத்திலும் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு, திரும்பவும் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தான்.

அண்ணன் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யாழினி இலையை விட்டுத் தலை தூக்கவில்லை.

"தம்பிக்கு இன்னுங்கொஞ்சம் தயிர் ஊத்து கலா" என்றார் அண்ணன்.

4

சாப்பாடு முடிந்ததும் ஹெலன் பெட்டியைத் திறந்தார். மெல்லிய காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றி அடுக்கியிருந்தார். கண்ணாடியில் ஊதிய திராட்சைக் குலை, உள்ளே பூசிய வெள்ளி கறுத்துப் போயிருந்தது. வால் மட்டும் முடியைப் போன்ற கண்ணாடி இழையில் செய்த குருவிகள். தங்கக் காகித அட்டையில் அழுத்தி எடுத்த மீன், படகு, யானை. மிட்டாய் போட்டுத் தொங்கவிடக் காகிதக் கூம்புகள். பஞ்சால் செய்த ஒரு கிழவர், மூக்கு மட்டும் இல்லை. ஓரம் கத்தரித்த வண்ணக் காகிதத் தேவதைகள், கன்னம் ரோஸ் நிறம், கையில் பூமாலை. அடியில் துணி காயப்போடும் கிளிப்பைப் போன்ற தகரக் கவ்விகள்.

இவற்றில் எல்லாமே ராணி காலத்தவை அல்ல என்று ஹெலனே சொன்னார். சில அவருடைய கொள்ளுப்பாட்டி வீட்டிலிருந்து வந்தவை. சிலவற்றை அவருடைய அம்மா, பழசு மாதிரியே இருக்கிறதென்று கடையில் வாங்கியிருக்கிறார். "எது பழசு, எது பழசு மாதிரி என்பது எனக்கே மறந்துவிட்டது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான்" என்றார். ஒன்றைப் பற்றி மட்டும் அவருக்குச் சந்தேகம் இல்லை. நட்சத்திரத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு காகிதத் தேவதை. அது கொள்ளுப்பாட்டியுடையது, அதன் இடம் மரத்தின் நடுக்கிளை.

ஹெலன் சோபாவில் உட்கார்ந்து இடது கையால் சுட்டிக்காட்டினார். நாங்கள் மாட்டினோம். கண்ணாடிச் சாமான் கிளையின் நுனியில் தொங்க வேண்டும், வெளிச்சம் படும்படி. காகிதம் உள்ளே தள்ளி. ஒன்றுக்கொன்று இடைவெளி வேண்டும். அண்ணனுக்கு அந்த இடைவெளிதான் பொறுக்கவில்லை.

"இந்தப் பக்கம் மொட்டையா இருக்கு. இங்கன ஒரு குருவி, அங்கன ஒரு குருவி, நடுவுல யானை. அப்பத்தான் எடுப்பா இருக்கும்" என்று பங்குனிப் பொங்கலுக்குச் சப்பரம் சோடிப்பவரைப் போல இரண்டு பக்கமும் சமமாக மாட்டிக்கொண்டே வந்தார். ஹெலன் "நோ, நோ" என்பார். அண்ணன் "எஸ், எஸ்" என்பார். பச்சைக் கிரீடத்தை அவர் இன்னும் கழற்றவில்லை. டாம் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, இருவரில் யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியாமல், யானையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான்.

காகிதத் தேவதைகள் கைக்கு வந்ததும் அண்ணன் அமைதியாகிவிட்டார். சட்டைப் பையிலிருந்து அச்சுப் புள்ளி பார்க்கும் லென்ஸை எடுத்தார். அது இல்லாமல் அவர் குளிக்கக்கூடப் போவதில்லை. ஒவ்வொன்றாகக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"அம்புட்டும் அந்தக் காலத்துல கல்லுல எழுதி அடிச்சது கலா. புள்ளி பாரு, ஒவ்வொண்ணும் கையால வச்சிருக்கான். எம்போஸ் அடிச்சு, டை வெட்டி... நம்ம லச்சுமி படத்துக்கே இந்தச் செவப்பு வர மாட்டேங்குது." அவர் குரலில் பொறாமைகூடத் தெரிந்தது. கடைசியாகக் கொள்ளுப்பாட்டியின் தேவதை. லென்ஸை வைத்துப் பார்த்தவர் இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு என் காதருகே வந்தார்.

"இது மட்டும் ஆப்செட்டு, நம்ம காலத்து மெசினுல அடிச்சது. புள்ளி ஒரே சீரா இருக்கு. நான் மெசினு வாங்குனதுக்குக் கொஞ்சம் முன்னால வந்ததா இருக்கும்."

ஹெலன் ஆவலாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்கிறார்?"

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"பளசுன்னு சொல்லு" என்றார் அவர். "அம்புட்டுப் பிரியமா வச்சிருக்கு அந்தம்மா."

சொன்னேன். அண்ணன் அதைத் தன் கையாலேயே கொண்டுபோய் நடுக்கிளையில், ஹெலன் காட்டிய இடத்தில், கொஞ்சமும் தள்ளாமல் மாட்டினார். அந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு பக்கமும் சமமா என்று பார்க்கவில்லை.

5

வெளியே இருட்ட ஆரம்பித்தது. டிசம்பரில் இங்கே மாலை டீ குடிப்பதற்குள் இருட்டிவிடும். ஹெலன் கைப்பையைத் திறந்து சின்ன வெள்ளை மெழுகுவத்திக் கட்டு ஒன்றையும் தீப்பெட்டியையும் எடுத்து மேசையில் வைத்தார். அந்தத் தகரக் கவ்விகள் எதற்கென்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவற்றைக் கிளைகளில் கவ்வவைத்து, மெழுகுவத்தி செருகி, ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் நேரத்துக்கு ஏற்றி வைப்பார்களாம். அவர்கள் வீட்டில் வருஷாவருஷம் நடப்பதாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் போதுமாம்.

"கலா, அந்தத் தீப்பெட்டிய வாங்கு" என்றார் அண்ணன். கிரீடத்தைக் கழற்றிவிட்டார்.

"அண்ணே, ஒரு பாட்டுத்தான்..."

"காஞ்ச மரம். பூராவும் பேப்பரு தொங்குது. கீள கார்ப்பெட்டு. பின்னால திரை. இந்த வீட்டுக்குள்ள ஒருத்தரும் தீக்குச்சி உரசக் கூடாது."

பல ஊர்களுக்குத் தீபாவளிச் சத்தம் அனுப்பும் ஊர்க்காரர் ஒரு மெழுகுவத்திக்கு இப்படி நிற்கிறாரே என்று செல்வத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அண்ணனுக்கு இருபது வயதைத் தாண்டிய சமயம். அப்பாவுக்குப் பதிலாக லேபிள் லோடு இறக்க ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்தார். வேனிலிருந்து பாதிக் கட்டு இறங்குவதற்குள் அந்தக் கோடியில் ஒரு ஷெட் ஆட்களோடு வெடித்துப் போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், கொல்லையில் தொட்டித் தண்ணீர் தீரும்வரை குளித்தார். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையை அம்மா துவைக்கவில்லை. எங்கே போட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு எத்தனையோ தீபாவளி வந்தது. லேபிள் அடித்தார், விற்றார், ஆர்டர் பிடித்தார். ஒரு கம்பி மத்தாப்பைக்கூட அவர் கையில் நான் பார்த்ததில்லை.

ஹெலனிடம் இதை எப்படிச் சொல்வது? "என் அண்ணன் கொஞ்சம் கவலைப்படுகிறார்" என்றேன். ஹெலன் தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "எப்போதும் பீட்டர்தான் ஏற்றுவார். இந்த வருஷம் ஒரு தடவை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டால் போதும் எனக்கு."

யாழினி மாமாவின் பக்கத்தில் போய் நின்று, தன் தமிழில் எடுத்துச் சொன்னாள். "மாமா, ஹெலனோட ஹஸ்பெண்டு செத்துட்டாரு. அவருதான் கேண்டில் வைப்பாரு. இவங்களுக்கு இந்த ஒரு வாட்டி மட்டும் போதும். அடுத்த வருஷம் மரம் எங்க வீட்டுல..."

நிறுத்திக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து "நம்ம" எங்கே வரும், "எங்க" எங்கே வரும் என்று அவளுக்கு வந்ததே இல்லை. தாய்மாமனிடம் பேசும்போது இந்த வீடு என்றால் "நம்ம வீடு". அவரைச் சேர்க்காத வேறொரு வீடு என்றால்தான் "எங்க வீடு". எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்து, தனக்கும் டாமுக்கும் வரப்போகும் வீட்டைச் சரியாகச் சொல்லிவிட்டாள்.

டாமுக்குத் தமிழ் புரியாது. ஆனால் எல்லோரும் தன்னைப் பார்ப்பது புரிந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டான்.

"அது உப்பு டப்பாவுலயே தெரிஞ்சுபோச்சு தாயி" என்றார் அண்ணன். "மொதல்ல அந்தத் தீப்பெட்டிய கீள வைக்கச் சொல்லு."

6

அண்ணன் பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனார். தூறல் நின்றிருந்தது. விரலை எச்சில் தொட்டுத் தூக்கிக் காற்றுப் பார்த்தார். வேலியிலிருந்து நாலைந்து அடி தள்ளி ஓர் இடத்தைக் காலால் தட்டினார். உள்ளே வந்தவரின் முகம், சீசன் உச்சத்தில் பிரஸ்ஸில் நிற்கும் முகமாக மாறியிருந்தது.

"மரம் வெளிய வரட்டும். அதுக்கு முன்னால பேப்பர் சாமான் பூராவும் உள்ள களத்தி வைங்க. கண்ணாடி மட்டும் இருக்கட்டும். மாப்ளே, மணலு வேணும் ரெண்டு வாளி."

செல்வம் யோசித்தார். தெருமுனையில் நகராட்சியின் மஞ்சள் பெட்டி இருக்கிறது. பனியில் சாலை வழுக்காமல் தூவுவதற்கான உப்பு மணல். பொதுச் சாலைக்கு மட்டுமே என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். இந்த நாட்டில் ஒரு பாட்டிலைக்கூடத் தப்பான தொட்டியில் போடாதவர் அவர். வாளியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தோட்டத்து மதிலை ஒட்டிக் குனிந்தபடி வந்தார்.

அடுத்த உத்தரவுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. "நைலான் கியிலான் ஒருத்தரு மேலயும் இருக்கக் கூடாது. பருத்திதான். தீ பட்டா அது உருகி ஒட்டாது." பட்டாசுக் கம்பெனி வாசலில் இருக்கும் சட்டம். இங்கே வெளியே மூச்சு விட்டால் புகை வரும் குளிர். டாமின் சட்டை, யாழினியின் நைலான் கோட்டு, ஹெலனின் கலைமான் ஸ்வெட்டர், எதுவுமே தேறவில்லை. நான் தயங்கித் தயங்கி ஹெலனிடம் சொன்னேன். அவர் மாவுக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உன்னிடம் என் அளவுக்கு ஏதாவது இருக்குமா?" என்று கேட்டார்.

என்னுடைய பருத்தி நைட்டியை, ஒரு கை மட்டும் நுழைத்துப் போட்டுவிட்டேன். அதற்கு மேலே செல்வத்தின் எட்டு முழ வேட்டிகள் இரண்டைச் சால்வையாகச் சுற்றினேன். டாமுக்குச் செல்வத்தின் பனியனும் வேட்டியும் கொடுத்தோம். அவனுக்குக் கட்டத் தெரியவில்லை. இரண்டு தடவை அவிழ்ந்தது. அண்ணன் பொறுமையாக அவன் முன்னால் நின்று, மடித்துச் செருகி, இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஓடுனாலும் நிக்கும்" என்றார்.

அப்படித்தான் நாங்கள் தோட்டத்தில் மரத்தைச் சுற்றி நின்றோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். "பிரமாதம்" என்றார் ஹெலன், குளிரில் பல் தந்தியடிக்க. பக்கத்து வீட்டுக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஹெலன் ஒற்றைக் கையால் தீக்குச்சியை உரச முயன்றார். பெட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. டாம் குனிவதற்குள் அண்ணன் எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து ஹெலனுக்கு நேராக நீட்டினார். ஹெலன் இடது கையால் உரசினார். மூன்றாவது குச்சி பிடித்தது.

டாம் ஒவ்வொன்றாக ஏற்றினான். கிளைகளுக்கு நடுவே கண்ணாடித் திராட்சையும் குருவிகளும் மின்னின. ஹெலன் பாட ஆரம்பித்தார். பாதியில் குரல் நின்றது. டாம் எடுத்துக்கொண்டான். யாழினிக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. அவள் அதை எங்கே, எப்போது கற்றாள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் அவள் கற்றுக்கொண்டவை நிறைய இருக்கும் என்று தோன்றியது. அது அந்த நேரத்தில் வருத்தமாக இல்லை.

அண்ணன் பாடியவர்களைப் பார்க்கவில்லை. மணல் வாளியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுடராக மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். பாட்டு முடிந்ததும் யாரும் சொல்வதற்கு முன்பே ஈர விரலால் எல்லாச் சுடரையும் தானே கிள்ளி அணைத்தார். கடைசியை அணைத்த பிறகுதான் வாளியைக் கீழே வைத்தார்.

உள்ளே வந்து எல்லோரும் போர்வைக்குள் புகுந்ததும் கார்த்திக்கு வீடியோ போன் போட்டார். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏலே, யாழினிக்கு மாப்ள பாத்தாச்சு" என்றார், எந்த முன்னுரையும் இல்லாமல்.

"டாம்தானப்பா?" என்றான் கார்த்தி.

அண்ணன் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஒனக்கு எப்பலே தெரியும்?"

"போன வருசமே யாழினி சொல்லிட்டாப்பா. நான் சொன்னா நீங்க கத்துவீக. நேருல பாத்தா கத்த மாட்டீகன்னுதான் அனுப்புனேன்."

"இதுக்குத்தான் சீசன் நேரத்துல என்னைய நாடு கடத்துனியாலே?"

"ஆமாப்பா."

"மெசினு?"

"நல்லாத்தான் ஓடுது."

அண்ணனுக்கு அந்தக் கடைசிப் பதில்தான் உண்மையில் வலித்தது என்று நினைக்கிறேன். "சத்தமே சரியில்லையே, ரோலரைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

7

ஜனவரியில் அண்ணன் ஊருக்குக் கிளம்புகிற வாரம், ஹெலனுக்குக் கையைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரியில் வரச்சொல்லியிருந்தார்கள். டாமுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் கூட்டிப் போகிறேன் என்றேன். அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க எதுக்குண்ணே? அங்க சும்மா உக்காந்துதான் இருக்கணும்."

"பொம்பளைகள மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு நான் வீட்ல உக்காந்து சேவு தின்னவா?" என்றார்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஹெலனின் பெயரைத் தட்டிவிட்டு எங்களைப் பார்த்தாள். குடும்பத்தாராக இருந்தால் உள்ளே வரலாம், மற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும், இருமல் சுரம் பரவும் நேரம் என்றாள். "நீங்கள் இவருக்கு என்ன உறவு?"

நானும் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள்தான். இதே கேள்வியை ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் கேட்கிறேன். பதில் சொல்லும் பக்கம் நின்று ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பார்த்தேன். சிநேகிதி என்றால் பொய். என் மகளைக் கட்டப்போகும் பையனின் அம்மா என்றால் நீளம். கல்யாண நாள்கூட இன்னும் குறிக்கவில்லை. இந்த ஆங்கிலத்தில் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், இந்த உறவுக்கு இங்கே ஒரு சொல் கிடையாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

"என்ன கேக்குது அந்தப் புள்ள?" என்றார் அண்ணன்.

சொன்னேன். அவர் மேசையில் சாய்ந்து, "சம்பந்தி" என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அது அண்ணனுக்குப் புரிந்தது. கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்கும் நிதானத்தோடு, எஸ், ஏ, எம் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவளும் மரியாதையாகத் தட்டிப் பார்த்தாள். கணினி ஒப்புக்கொள்ளவில்லை. அதில் இருக்கும் உறவுகளில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

ஹெலன் மாவுக்கட்டு போட்ட கையை மேசைமேல் வைத்தார். "குடும்பம் என்று போடு கண்ணு" என்றார்.

அவள் ஒரு விசையைத் தட்டினாள். கதவு திறந்தது. மூவரும் நீண்ட நடையில் போய்க்கொண்டிருந்தோம். அண்ணன் என் முழங்கையைத் தொட்டார்.

"அந்தம்மா என்ன சொல்லுச்சு, ஒடனே உள்ள விட்டுட்டாக?"

"குடும்பம்னு சொன்னாகண்ணே."

"அதத்தான நானும் சொன்னேன்" என்றார்.